சிலந்தியின் வயிறு

நெற்பயிரை அழிக்கும் புகையான் பூச்சியைச் சிலந்திகள் தின்றுதீர்க்கின்றன என்று மதிவதனி சொன்னபோது, ஆய்வு நிலையத் தலைவர் சிரித்தார். "தின்னதை யாரும்மா பாத்தா?" என்றவர், அவளுடைய சோதனை வயலுக்கே மருந்தடிக்கச் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் சிலந்திகள் கால் மடங்கிச் செத்துக் கிடந்தன. அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஆல்கஹால் குப்பியில் போட்டாள்.

"செத்ததை வச்சு என்னம்மா பண்ணப் போறீங்க?" என்று தலைவர் கேட்டார்.

"வயித்தை அரைச்சு டி.என்.ஏ. பாக்கப் போறேன் சார். தின்ன புகையான் உள்ளேதான் இருக்கும். உங்க மருந்தால அதை அழிக்க முடியாது."

குப்பியில் ஒட்டிய சீட்டில் இடம், தேதி எல்லாம் எழுதியிருந்தாள். இறந்த காரணத்துக்கான வரி மட்டும் காலியாக இருந்தது.

"இதை உங்க கையாலயே எழுதுங்க சார்" என்று பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள்.