உரிமையாளர் யார்?

“என்னங்க, நம்ம பாப்பா போட்டோ ஒண்ணையும் காணோம்!”

அவர் அப்போதுதான் தேய்த்த சட்டையைப் போட்டு, கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். மனைவி கணினியைத் திருப்பிக் காட்டினாள். கணக்கு முடக்கம். உரிமையாளர் யாரென்று உறுதிசெய்யாவிட்டால் இன்று மாலையோடு எல்லாம் அழிக்கப்படுமாம்.

பாப்பா பிறந்த நாள், தவழ்ந்தது, முதல் அடி எடுத்து வைத்தது, எல்லாம் அதில்தான். வேறெங்கும் நகல் கிடையாது. “பேப்பர்ல எதுக்கு? மேகத்துல ஏத்தியாச்சு, இனி அழியவே அழியாது” என்று சொன்ன மகாராசனே அவர்தான். எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும், உலகத்துப் படமெல்லாம் தன் கம்பெனியின் கணினிப் பெட்டிகளில்தான் தூங்குகிறது என்று ஆரம்பித்துவிடுவார். சொந்தக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘கிளவுடு மாமா’.

“உங்க கம்பெனிதானே? போய்க் கையோட எடுத்துட்டு வாங்க.”

“அதெப்படி? சொந்த வேலைக்கெல்லாம் அங்க கை வைக்க முடியாதும்மா. ரூல்ஸ்.”

“அப்ப கம்பெனி கஸ்டமர் கேருக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல.”

போட்டார். இயந்திரக் குரல் தேனாக வழிந்தது. “வணக்கம். உங்கள் தகவல் உங்களுக்கே சொந்தம். நீங்கள்தான் நீங்கள் என்பதை மட்டும் நிரூபிக்க வேண்டும். சென்ற வாரம் நீங்கள் அதிகம் தேடியது எது?”

“உலகப் பொருளாதாரம்.”

“தவறு.”

அவர் தொண்டையைச் செருமினார். “வழுக்கையில முடி வளர வழி.”

“சரி.”

மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

“அடுத்தது. வேலை நாட்களில் பகல் முழுவதும் எங்கே இருக்கிறீர்கள்?”

“உங்க டேட்டா சென்டர்லதான்!” அவர் நெஞ்சை நிமிர்த்தினார். “உங்க பெட்டிங்க சூடாகாம பார்த்துக்கறதே நான்தான்!”

“தவறு. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு.”

மனைவியின் சிரிப்பு நின்றது. அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

“மெஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு. விடு, போனாப் போகட்டும். போட்டோதானே!”

“பாப்பா போட்டோங்க!”

“அதான் பாப்பாவே இருக்காளே!” இணைப்பைத் துண்டிக்கக் கை நீட்டினார். பெற்ற மகளின் படங்களை விட அவருக்கு அப்படி எந்தப் பதில் பெரிதாகப் போனதோ!

அதற்குள் மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

“பொது நூலகம். மாடியில ஜன்னலோரம்,” என்றாள் நிதானமாக. “நீங்க வேலையை விட்டுத் தூக்கினதிலேருந்து அங்கதான் உக்காந்துட்டு வர்றார். அவர் மறந்து வச்சிட்டுப் போன சாப்பாட்டை எடுத்துக்கிட்டு நான் உங்க வாசலுக்கு வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும்; மறுநாள் பின்னாடியே போய்ப் பார்த்தேன். ஆளே வேணாம்னு அனுப்பிட்டு, அவர் எங்க உக்கார்றார்னு மட்டும் எதுக்குய்யா குறிச்சு வைக்கிறீங்க?”

அவர் கழுத்து அட்டையைப் பிடித்தபடி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

“சரியான விடை,” என்றது குரல், அதே தேனோடு. “உரிமையாளர் நீங்கள்தான் என்பது உறுதியானது, அம்மா.”