மூன்று புள்ளி

வாடகை நூல்நிலையத்து அலமாரியில் இரண்டு காதல் நாவல்கள் ஒட்டி நின்றன. குண்டு நாவலில் முதலிரவு மட்டும் நாலு பக்கம், ஒளிவுமறைவே கிடையாது. செய்தித்தாளில் அட்டை போட்டுத்தான் அதை வெளியே கொண்டுபோவார்கள். ஒல்லி நாவலில் அந்த இடம் வந்தால், ‘விளக்கை அணைத்தான்’ என்று எழுதி மூன்று புள்ளி. அடுத்த வரியில் விடிந்துவிடும்.

குண்டை எப்போதும் வெட்கங்கெட்டவள் என்று திட்டும் ஒல்லி, ஒரு மத்தியானம் மெல்லக் கேட்டது.

“அக்கா, விளக்கை அணைச்ச பிறகு என்னதான் நடக்கும்?”

“இத்தனை நாள் திட்டிட்டு இப்ப கேக்கறியா?”

“எனக்குள்ள நடந்தது எனக்கே தெரியலையே.”

“என் ஜோடி செஞ்சதைச் சொல்லலாம். உன் ஜோடி என்ன செஞ்சுதோ, நான் என்னத்தைக் கண்டேன்?”

அப்போது ஒரு பெண் ஒல்லியை எடுத்து, நின்றபடியே படித்தாள். புள்ளிக்கு வந்ததும் விரலை உள்ளே வைத்து மூடிக்கொண்டு, ஜன்னலைப் பார்த்துத் தனக்குள் சிரித்தாள்.

“அக்கா, இவளுக்குத் தெரிஞ்சிருக்கு” என்று ஒல்லி பதறியது.

அவள் ஒல்லியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கிளம்ப, குண்டு அவசரமாகச் சொன்னது.

“என்னை மூச்சுவிடாமப் படிப்பாங்க. ஒருத்தரும் இப்படி நின்னு சிரிச்சதில்லை. அவ வீட்டுக்குத்தானே போறே, என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு வந்து எனக்கும் சொல்லுடி.”