தேங்காயில் கட்டிய தொப்பி

தொப்பியை எறிந்தது அவள்தான்.

அவளுடைய சிவப்புத் தொப்பி. உரிக்காத தேங்காய் ஒன்றில் இறுகக் கட்டியிருந்தது. கடலில் விழுந்து ஒருமுறை முங்கி, மேலே வந்து ஆடியது.

"விழுந்தாச்சு" என்றாள்.

அதற்குமேல் அவள் பேசக்கூடாது. விழுந்தவர் வாய் திறக்கக்கூடாது என்பது அவள் புருஷன் வைத்த சட்டம். பாய்ப்படகில் இருப்பதே இவர்கள் இரண்டு பேர். ஒருவர் கடலில் விழுந்தால் மற்றவர் தனியாகத் தேடி, தனியாகப் படகைத் திருப்பி, தனியாகத் தூக்கியெடுக்க வேண்டும்.

தூத்துக்குடியிலிருந்து ஐந்து நாளாகக் கரையை ஒட்டியே வருகிறார்கள். ஐந்து நாளும் இந்த ஒத்திகையில் அவர்தான் விழுந்தார். தன் தொப்பியைத் தேங்காயில் கட்டி எறிந்துவிட்டு, சாவகாசமாக முறுக்கு கடித்துக்கொண்டிருப்பார். அவள் தட்டுத்தடுமாறி எடுத்துக்கொடுத்ததும், "நான் செத்து மூணு நாளாச்சு" என்று கேலி வேறு.

இன்று கேட்டுவிட்டாள்.

"ஒங்களுக்குப் பரிட்சை கெடையாதா?"

முப்பத்தைந்து வருஷம் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். சிரித்தார். "போடு" என்றார்.

நாளை மறுநாள் கொச்சி. அங்கே தண்ணீர் பிடித்துக்கொண்டு கிளம்பினால் செஷல்ஸ். நடுவில் இருபது நாளோ, இருபத்தைந்து நாளோ, கரை கிடையாது.

படகு வளைந்தது. நல்ல வட்டம். அவள் ஓட்டினால் இப்படி வராது.

தொப்பி பதினைந்து அடியில் இருந்தது.

படகு அதைக் கடந்து போனது.

விளையாடுகிறார் என்று நினைத்து அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டு இல்லை. கழுத்தை நீட்டி, இமைக்காமல் தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தார்.

இன்னொரு வட்டம்.

இந்த முறை இன்னும் கிட்டே. தொப்பியின் ஓரத்தில் அவள் போட்ட தையல்கூடத் தெரிந்தது.

அவர் அந்தப் பக்கம்தான் பார்த்தார். பார்த்துவிட்டு, வேறு பக்கம் பார்த்தார்.

அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

காலையில் வலை மிதவைமேல் படகை ஏற்றப் போய், வலைக்காரனைத் திட்டினார். வரைபடத் திரையை அவளிடம் தள்ளி, "நீயே வாசி, ஒனக்குப் பழகட்டும்" என்றார். அப்போது அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

பாயைத் தளர்த்திப் படகை வடக்கு முகமாக நிறுத்தினார். கொக்கிக் கழியை எடுத்துக்கொண்டு வலதுபக்கம் குனிந்தார்.

"அந்தா கெடக்கு."

அங்கே நுரை இருந்தது.

கழி நுரையைக் கிண்டியது. ஒருமுறை. இன்னொருமுறை.

தொப்பி இடதுபக்கம், முப்பது அடி தள்ளி ஆடிக்கொண்டிருந்தது.

சொல்லிவிடலாம். ஆனால் விழுந்தது அவள்தான். தானே அந்தத் தண்ணீரில் கிடந்து, இந்த நல்ல மனுஷன் தன்னைத் தேடித் தேடிக் கடந்து போவதைப் பார்ப்பதுபோல் இருந்தது.

"வெயில் கண்ணக் கூசுது" என்றார், கழியை விடாமல்.

வெயில் அவர் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது.

அவள் பாயை இழுத்துக் கட்டினாள். படகு நகர்ந்ததும் சுக்கானை முழுக்கத் தள்ளினாள். சற்றுமுன் கடந்துவந்த கொல்லத்துக் கலங்கரை விளக்கம் மெல்ல எதிரே வந்தது.

தெற்கு. வீட்டுக்குப் போகிற வழி.

பாயின் அடிக்கட்டை தலைக்கு மேலாகப் புரண்டது. அவர் நிமிர்ந்து பார்க்காமலே குனிந்துகொண்டார்.

இடது கன்னத்தில் அடித்த காற்று இப்போது வலது கன்னத்தில் அடித்தது. அவளுக்கே தெரிகிறது. அவருக்குத் தெரியாமல் இருக்காது.

கழியை அதன் இடத்தில் தடவி வைத்தார்.

கேட்பார் என்று காத்திருந்தாள். எங்கே போகிறாய் என்று. தொப்பி என்ன ஆயிற்று என்று.

புதுத் திசைக்குத் தக்கபடி அவர் பாயின் வலதுபக்கக் கயிற்றை அவிழ்த்துவிட்டார். இடதுபக்கக் கயிற்றை இழுத்து முடிந்தார். கை ஓரிடத்திலும் தவறவில்லை.

பிறகு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முன்னால் பார்த்தார்.

"வெளக்கு தெரிஞ்சா சொல்லு" என்றார்.

கலங்கரை விளக்கம் நேர் எதிரே, சிவப்பும் வெள்ளையுமாக நின்றது.