லோக்கலுக்கு வீடு இல்லை

பகல் பதினொன்றரை. ஐந்தாவது வீடு. கேட்டைத் தட்டுவதற்கு முன் புரோக்கர் தேவேந்திரன் அஷ்வினை நிறுத்தினான்.

“இதோ பாரு சார். லோக்கலான்னு கேப்பாங்க. ஆமான்னு தலையாட்டு. மீதிய நான் பாத்துக்கறேன்.”

“நாங்க சோளிங்கர். எப்படிங்க லோக்கல் ஆவோம்?”

“காலையிலேர்ந்து உண்மையச் சொல்லிக்கினு நாலு வீடு போச்சு. போதாதா?”

போயிருந்தது. நான்கு வீட்டிலும் ஒரே பதில்: “நான்-லோக்கலுக்கு இல்ல.”

அஷ்வினைக் கம்பெனி ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்கு மாற்றி இரண்டு மாதம் ஆகிறது. திருப்பதியில் கிடைத்தது மூன்றாவது மாடியில் ஓர் அறை. லிஃப்ட் கிடையாது. மனைவி சுஷ்மிதாவுக்கு ஏழாவது மாதம்.

“லோக்கல்னா இந்த ஊர்ல என்னதாங்க அர்த்தம்?” என்றாள் சுஷ்மிதா. “எங்க ஸ்கூல்ல, லோக்கலா பேசாதேன்னு முட்டி போட வைப்பாங்க.”

“அது உங்க ஊரு லோக்கல்மா. இங்க காலேஜ் சீட்டுக்கு ஒரு லோக்கல், சாமி பாக்க ஒரு லோக்கல். தக்காளியில கூட லோக்கல் இருக்குது. வீட்டுக்கு லோக்கல்னா, நல்லவன்னு அர்த்தம்.”

“அப்போ நான்-லோக்கல்?”

“ராத்திரியோட ராத்திரியா காலி பண்ணிட்டு ஓடிடுவான்னு அர்த்தம்.”

“இவரு ஆபீஸ்ல ரீலொக்கேட்னு ஒண்ணு சொன்னாங்களே?”

“இப்ப வெயில்ல நின்னுக்கினு இருக்கோமே, இதுதாம்மா அது” என்று தேவேந்திரன் கேட்டைத் தட்டினான்.

வீட்டுக்காரர் ரத்தினம்மா வந்தார். அஷ்வினைச் செருப்பிலிருந்து தலைமுடி வரை பார்த்தார்.

“ஏ ஊரு? எந்த ஊருப்பா? லோக்கலா?”

“பக்கா லோக்கல்மா!” தேவேந்திரன் முந்திக்கொண்டான். “வெதுருகுப்பத்துல பெரியப்பா. ரேணிகுண்டாவுல சித்தி. கொர்லகுண்டாவுல சொந்த மாமன். ஒரு போன் போட்டா போதும், பத்து பேர் வந்து நிப்பாங்க.”

“அப்படியா? ரொம்ப சந்தோஷம். வீடு இல்ல.”

“டு-லெட் போர்டு தொங்குதேம்மா?”

“லோக்கல் ஆளுங்களுக்கு நான் குடுக்கறதில்லப்பா.”

கேட் மூடிக்கொண்டது.

“நாலு பேருக்கு நான்-லோக்கல் ஆகாது. இந்தம்மாவுக்கு லோக்கலே ஆகாது” என்று தேவேந்திரன் புலம்பினான். “இனிமே ஆகாசத்துலேர்ந்துதான் ஆளு கொண்டாரணும். என்னா பொம்பளையோ, என்னா மனசோ!”

சுஷ்மிதா கேட்டுக்கு வெளியே இருந்த படியில் உட்கார்ந்துவிட்டாள். “ஒரு நிமிஷம் இருங்க. மூச்சு வாங்குது.”

கேட் மறுபடியும் திறந்தது. ரத்தினம்மா கையில் ஒரு செம்புத் தண்ணீர்.

“எத்தனாவது மாசம்?”

“ஏழும்மா.”

“பிரசவத்துக்குக் கூட யார் இருக்கறா? பெரியம்மாவா, சித்தியா?”

தேவேந்திரன் கண்ணைக் காட்டினான். சுஷ்மிதா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“யாரும் இல்லம்மா. நாங்க சோளிங்கர். லவ் மேரேஜ். ரெண்டு வீட்லயும் பேச்சு இல்ல. இந்த ஊர்ல எங்களுக்குத் தெரிஞ்ச ஒரே ஆளு இந்தப் புரோக்கர்தான். அவரையும் நேத்துதான் தெரியும்.”

ரத்தினம்மா தேவேந்திரன் பக்கம் திரும்பினார்.

“ஏம்ப்பா, பத்து பேருன்னியே?”

“ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானேம்மா.”

ரத்தினம்மா இடுப்பில் செருகியிருந்த கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி சுஷ்மிதாவின் கையில் வைத்தார்.

“கீழ் போர்ஷன். படி ஏற வேண்டியதில்ல. உள்ள போய் ஃபேனப் போட்டுக்கினு உட்காரு, போ.”

அஷ்வினுக்குப் பொறுக்கவில்லை. “லோக்கல் ஆளுங்க மேல உங்களுக்கு ஏம்மா இவ்ளோ கோபம்?”

“கோபமா? நல்லா கேட்ட போ. அவங்களுக்கு எந்தத் தெருவுலயும் வீடு கிடைக்கும். பத்து பேர் இருக்கறவனுக்குப் பதினோராவதா நான் எதுக்குப்பா?”

தேவேந்திரன் தலையைச் சொறிந்தான். “இத போர்டுலயே எழுதி வெச்சிருந்தா எனக்கு ஒரு பெரியப்பா, ஒரு சித்தி, ஒரு மாமன் மிச்சம் ஆயிருக்கும்.”

“எழுதுப்பா. நல்லா பெருசாவே எழுது. இந்த வீட்டுல லோக்கலு குடிவர முடியாது.”

அவன் சாக்பீஸ் வாங்கி எழுதினான்.

2025 மார்ச் 3, திங்கட்கிழமை. திருப்பதியில் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் சுஷ்மிதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. உடன் இருந்தவர் ரத்தினம்மா. வியாழக்கிழமை காலை அவர் வீட்டுக்கு முதல் லோக்கல் குடிவந்தது.