பத்தாம் நம்பர் ஸ்பேனர்

மெக்கானிக்கின் மச்சினன் வாங்கி வந்த பழைய பைக்கில் எஞ்சின் நம்பர் தேய்ந்து போயிருந்தது.

"வேற எஞ்சினைத் தலையில கட்டிட்டாங்களா மாமா?"

மெக்கானிக் துடைத்துப் பார்த்தார். போல்ட்டுகளின் மேல் கம்பெனி பெயிண்ட் விரிசல் விடாமல் இருந்தது.

"இதுவரைக்கும் யாரும் திறக்கல. உள்ள பாத்தா ஜாதகமே தெரிஞ்சிடும்."

திறந்தார். உள்ளே எண்ணெயில் ஒரு ஸ்பேனர் கிடந்தது; வெளியே எடுத்தார். பிடியில் சிவப்பு நெயில் பாலிஷ். தொலையாமலிருக்க அவர் மனைவி அன்று காலையில் பூசிய அடையாளம்.

"உங்க ஸ்பேனர்தானே மாமா!"

மெக்கானிக் தன் கையைப் பார்த்தார். எஞ்சினைத் திறந்த ஸ்பேனர் அங்கேயே இருந்தது. அதே சிவப்பு, அதே வழிசல்.

"ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்," என்று வாசலில் நின்ற மனைவி சிரித்தாள்.

பல்சக்கரத்தில் அசல் முத்திரை இருந்தது. மச்சினன் விசிலடித்தான். மெக்கானிக்கும் சிரித்துக்கொண்டே எஞ்சினை மூடி முறுக்கினார். முதல் உதையிலேயே கிளம்பிய பைக், மச்சினனோடு தெருமுனையில் மறைந்தது.

தரையில் ஒரு ஸ்பேனர்தான் கிடந்தது; இன்னொன்று எஞ்சினுக்குள்ளேயே போயிருந்தது.