எண்ணூறு ஓடு

“ஏணி அங்க சாத்தியிருக்கு. ஏறிப் பாத்து, எம்புட்டு ஓடு வேணும்னு சொல்லுங்க” என்றாள் சண்முகத்தாய், வாசலில் வந்து நின்றவரிடம்.

“இல்லம்மா, நான்...”

“கொத்தனாருங்க எல்லாரும் இப்படித்தான் இழுப்பீக. வெள்ளிக்கிழமை என் மகளைப் பொண்ணு பாக்க சீவில்லிபுத்தூர்ல இருந்து வாராக. அதுக்குள்ள ஒழுகல் நிக்கணும். ஏறுங்க!”

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார்.

“வரிசைக்கு இருபத்தஞ்சு. பதினஞ்சு வரிசை.”

“அந்தப் பக்கச் சரிவை யாரு எண்ணுவா?”

“ரெண்டும் சேத்து எழுநூத்தம்பது. உடைசலுக்கு அம்பது. எண்ணூறு வாங்குங்க.”

“பொறவு பத்தலைன்னு சொல்லக்கூடாது. மாப்பிள்ளைக்கு அப்பா பட்டாளத்துக்காரராம். சரியான முசுடாம். தலையில ஒரு சொட்டு விழுந்தாலும் சம்பந்தம் போச்சு!”

அவர் மேலிருந்து தலையை நீட்டினார். “முசுடுன்னு யாரும்மா சொன்னது?”

“எங்க வீட்டுக்காரருதான்.”

மில்லிலிருந்து சைக்கிளில் வந்த அவள் கணவன் காசிராஜன், கூரையை அண்ணாந்து பார்த்ததும் சைக்கிளைக் கீழே போட்டான்.

“சுபேதார் சம்பந்தி! நீங்க எதுக்கு மேல ஏறுனீக?”

சண்முகத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இந்தப் பக்கம் ஒரு சோலியா வந்தேன், எட்டிப் பாத்தேன். அம்மா ஏறுங்கன்னாக, ஏறிட்டேன். பட்டாளத்துல இருபது வருசம் ஆர்டர் கேட்டேன், வீட்டுல முப்பது வருசமா பொஞ்சாதி சொல் கேக்கேன். பொம்பளைக சொன்னா எதுத்துப் பேசிப் பழக்கமில்ல. எம் மகனும் அப்படியே என்னை மாதிரிதான்.”

சண்முகத்தாய் முந்தானையை எடுத்துவிட்டுக் கணவன் காதில் கிசுகிசுத்தாள்.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் எதுக்கு? அவிய இறங்குறதுக்குள்ள தட்டை மாத்திருவோம்!”