மூன்று பவுண்டு இரண்டு அவுன்ஸ்

"அந்த ஆள் திருடுறான், டெல்பர்ட். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்!"

தலைமைக் காப்பாளர் ஹேவர்ஸ்டிக் மேடம் காமிரா திரையைத் தட்டிக் காட்டினார். அதில் பிலடெல்பியாவின் எங்கள் ஆவணக் காப்பகத்து வாசிப்பறை தெரிந்தது. அமெரிக்க அரசு முதன்முதலாகக் காசு அடித்த காலத்துக் கடிதங்களை விரித்து வைத்துக்கொண்டு, ஓய்வுபெற்ற பல் டாக்டர் ட்ரிம்பிள் உட்கார்ந்திருந்தார். வெளியே ஜூலை வெயில் கொளுத்துகிறது. இவரோ கம்பளி ஸ்வெட்டரில்.

"பாரு, ஸ்வெட்டருக்குள்ள கை போகுது!"

"சொறிஞ்சுக்கிறாரோ என்னவோ, மேடம்."

"நாலு நாளா அதே இடத்துலயா? ஒரு தாள் ஏலத்துல மூவாயிரம் டாலர் போகும். தினமும் உனக்குக் கடுகு தடவின ப்ரெட்ஸல் ரொட்டி வாங்கித் தர்றானே, சும்மாவா?"

படிக்க வருபவரிடம் கடிதப் பெட்டியைக் கொடுக்கும்போதும் திரும்ப வாங்கும்போதும் எடை போடுவது என் வேலை. மூன்று நாளாக நான் போடவே இல்லை. மனிதர் அவ்வளவு சாது. ப்ரெட்ஸலும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று காலை மேடம் பக்கத்தில் நின்றதால் போட்டேன். மூன்று பவுண்டு இரண்டு அவுன்ஸ்.

மேடம் போலீசுக்குப் போன் செய்துவிட்டு விறுவிறுவென்று வாசிப்பறைக்குள் நுழைந்தார்.

"டெல்பர்ட், பெட்டியை எடை போடு!"

போட்டேன். மூன்று பவுண்டு மூன்று அவுன்ஸ்.

"தராசைச் சரியா வைடா!"

மறுபடி போட்டேன். அதேதான்.

"எப்படிக் கூடும்? கடிதம் என்ன குட்டி போடுமா?"

ட்ரிம்பிள் தலையைக் குனிந்துகொண்டார். "நான்தான் உள்ள வெச்சேம்மா. இன்னைக்கு நாலு தாள்."

மேடம் பெட்டியில் இருந்த தாள்களைப் புரட்டினார். செம்புக் காசு இன்னும் வந்து சேரவில்லை என்று 1793-ல் ஒரு வங்கிக் குமாஸ்தா எரிந்து விழுந்து எழுதிய கடிதம். மூலையில் எங்கள் காப்பகத்து முத்திரை. அந்தக் கடிதம் காணாமல் போய் முப்பது வருஷம்.

"ஓ, எவனோ திருடினது உங்க கைக்கு வந்திருக்கு! நேரா கொண்டுவந்து கொடுக்கிறதுக்கு என்ன?"

"கொடுத்தா, எங்க கிடைச்சதுன்னு பதிவேட்டுல எழுதுவீங்களே..."

"கண்டிப்பா எழுதுவேன்! அந்தத் திருட்டுக் குடும்பத்தோட பேர் ஊர் பூரா நாறணும். போலீஸ் வந்துட்டிருக்கு. சொல்லுங்க!"

"டெல்பர்ட் கொஞ்சம் வெளிய போகட்டுமே?"

"அவன் இருக்கட்டும். சாட்சி வேணும்!"

ட்ரிம்பிள் பரிதாபமாக என்னைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்:

"உங்களுக்கு முன்னாடி இதே பதவியில இருந்த உங்கப்பா காலமானதும், வீட்டுச் சாமானெல்லாம் ஏலம் விட்டீங்களே, அதுல அவரோட எழுதுமேசையை நான்தான் வாங்கினேம்மா. இதுவரைக்கும் மேல் இழுப்பறைதான் காலியாகியிருக்கு. இன்னும் மூணு இருக்கு."